வெயில் தாக்கிய இளைஞரும் குறைந்துபோன கல்சியமும்: படுவான்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு சிறுபோக அறுவடையின்போது நடந்தது. அப்போது அந்தப் பக்கத்துச் சிறிய வைத்தியசாலை ஒன்றில் நான் கடமையில் இருந்தேன். நோயாளியும் தாயாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஊர், ஆண்டு, பெயர் எதையும் சொல்லவில்லை. என் கையால் நேர்ந்த பிழை ஒன்றும் இதில் இருக்கிறது. அதை மறைத்தால் இதை எழுதுவதில் பயனில்லை.

பின்னணி

ஆவணி மாதம். கச்சான் காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்த நாட்கள். நோயாளிக்கு வயது 26, நல்ல உடற்கட்டு, முன்பு எந்த நோயும் இல்லை. ஒன்றரை ஆண்டாகக் கொழும்பில், குளிரூட்டிய களஞ்சியம் ஒன்றில் வேலை. லீவில் ஊருக்கு வந்து மூன்றாம் நாள் மாமாவின் வயலுக்குப் போயிருக்கிறார். வெட்டுமெசின் வெட்டிப் படங்கு எனும் தார்ப்பாயில் கொட்டிய நெல்லைச் சாக்கில் கட்டி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவதுதான் வேலை. ஒரு மூட்டை 60 கிலோவுக்குக் குறையாது.

முதல் நாள் இரவு தடிமனுக்காகக் குளோர்பெனிரமின் குளிசை போட்டிருக்கிறார், காலையிலும் ஒன்று. பழைய வகை ஒவ்வாமை மருந்தான இது தூக்கத்தை வரவழைப்பதோடு வியர்வையையும் குறைக்கும். கடையில் ஒற்றைக் குளிசையாக வாங்கிப் போடும் மருந்து என்பதால் யாரும் அதை ஒரு மருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. காலைச் சாப்பாடு ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும்.

கூட வேலை செய்த ஐந்து பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "நாங்களும் அதே வெயிலுக்கதானே நிண்ட நாங்க, எங்களுக்கு ஒண்டும் செய்யலயே" என்று மாமா பிறகு பலமுறை சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவர்கள் பல வாரமாக அந்த வெயிலில் நின்றவர்கள். வெயிலில் வேலை செய்து பழக உடலுக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் தேவை. அதற்குள் வியர்வை சீக்கிரமாகவும் கூடுதலாகவும் வரத் தொடங்கும், வியர்வையோடு போகும் உப்பு குறையும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். வெயிலை விட்டு விலகி இருந்தால் அந்தப் பழக்கம் சில வாரங்களிலேயே போய்விடும். இவருக்கு அது எப்போதோ போய்விட்டது.

வயலில் நடந்தது

10 மணிக்கு வேலை தொடங்கியது. 12 மணியளவில் "தலை கிறுகிறுக்குது" என்று சொல்லியிருக்கிறார். பதிவான முதல் அறிகுறி அதுதான். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மூட்டைக்குப் போயிருக்கிறார். 12.40க்கு மச்சானைப் பார்த்துச் சம்பந்தமில்லாமல் கோபமாகப் பேசியிருக்கிறார். நடை தடுமாறியது. குடித்திருக்கிறாரோ என்றுகூட ஒருவர் நினைத்தார். அடுத்த சில நிமிடங்களில் படங்கின் மேலேயே விழுந்துவிட்டார்.

வாய்க்கால்கரை மருத மரத்தின் நிழலுக்குத் தூக்கிப்போய், முகத்தில் ஒரு போத்தல் தண்ணீர் தெளித்து, வாயில் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். தண்ணீர் புரையேறியது. பிறகு ஆட்டோ பிடிக்க ஆள் ஓடியது. மண்பாதை, அறுவடை நேரம், ஆட்டோ வரச் சுணங்கியது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது மணி 1.45.

அந்த மரத்திலிருந்து ஓடும் வாய்க்கால் இருபது அடி தூரம். முழங்கால் அளவு தண்ணீர். அதில் அவரை இறக்கலாம் என்று மச்சான் சொல்லியிருக்கிறார். "காய்ச்சல் உடம்பில தண்ணி பட்டாச் சன்னி வந்திரும்" என்று பெரியவர் ஒருவர் தடுத்துவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் வீடுகளில் எல்லாரும் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்தோம். ஆனால் இந்த நிகழ்வில் ஒரே ஒரு நிமிடத்தை மாற்ற முடியும் என்றால் நான் அந்த நிமிடத்தைத்தான் மாற்றுவேன்.

எங்களிடம் வந்தபோது

சுயநினைவு இல்லை. வலிக்கு மட்டும் கை அசைந்தது. நாடித்துடிப்பு 148, இரத்த அழுத்தம் 88க்கு 50. உடுப்பு வியர்வையில் நனைந்திருந்தது. தோல் காய்ந்து இருந்தால்தான் வெயில் தாக்கம் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் உண்டு. உடல் உழைப்போடு வரும் வெப்பத் தாக்கத்தில் வியர்வை இருப்பதே வழமை.

கமக்கட்டில் வைத்த வெப்பமானி 39.3 பாகை செல்சியஸ் காட்டியது. என் பிழை இங்கே தொடங்குகிறது. வயல்வேலை செய்யும் இளைஞர், காய்ச்சல், மயக்கம் என்றதும் என் மனம் நேரே எலிக்காய்ச்சலுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் போனது. பரசிற்றமோல் குதவழியாகக் கொடுக்கச் சொன்னேன், இரத்தம் எடுக்கச் சொன்னேன், பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். இரத்தச் சீனி பார்த்தோம், சரியாக இருந்தது. இப்படி இருபது நிமிடம் போனது.

வயதில் மூத்த தாதி ஒருவர்தான் நிறுத்தினார். "டொக்டர், காய்ச்சலுக்கு உடம்பு இப்பிடிச் சுடாது. உள்ளுக்க வச்சுப் பாப்பம்" என்றார். குதவழி வெப்பநிலை 41.6. கமக்கட்டுக்கும் அதற்கும் இடையே 2.3 பாகை வித்தியாசம். நனைந்த, காற்றுப்பட்ட தோல் உள்ளே எரிவதைக் காட்டாது. உள்வெப்பம் 40ஐத் தாண்டி, மூளையும் குழம்பியிருந்தால், வேறொன்று நிரூபணமாகும் வரை அது வெப்பத் தாக்கம். இதை நான் படித்திருந்தேன். ஆனாலும் அந்த இருபது நிமிடம் அது என் நினைவுக்கு வரவில்லை.

பரசிற்றமோல் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ச்சலில் மூளையே உடலின் வெப்ப இலக்கைக் கூட்டி வைக்கிறது, மருந்து அந்த இலக்கை இறக்குகிறது. வெப்பத் தாக்கத்தில் இலக்கு மாறுவதில்லை. உள்ளே சேரும் சூடு வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. ஆகவே அந்த மருந்துக்கு இங்கே வேலை இல்லை. ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருக்கும் ஈரலுக்கு அது கூடுதல் சுமையும்கூட.

குளிர்வித்தல்

2.05க்குத் தீர்மானித்தோம்: முதலில் குளிர்விப்பது, பிறகே ஏற்றி அனுப்புவது. எங்களிடம் குளிர்நீர்த் தொட்டி இல்லை. மாமா வந்த ஆட்டோவில் நெல் காயவைக்கும் படங்கு கிடந்தது. அதை விரித்து, நோயாளியை நடுவில் கிடத்தி, நாலு பேர் நாலு மூலையையும் தூக்கிப் பிடித்தோம். குழாய்த் தண்ணீரையும், சந்தையில் மீனுக்கு உடைக்கும் ஐஸ் இரண்டு கட்டியையும் அதற்குள் கொட்டினோம். ஒருவர் தலையையும் மூச்சுப் பாதையையும் மட்டும் பார்த்துக்கொண்டார். இன்னொருவர் தண்ணீரை அலம்பிக்கொண்டே இருந்தார். அலம்பாவிட்டால் தோலை ஒட்டிய தண்ணீர் சூடாகி நின்றுவிடும். இடையில் ஒரு தடவை வலிப்பு வந்தது. நாளம் வழியாக டயசிபாம் கொடுத்ததும் நின்றது.

2.18க்கு 40.0. 2.28க்கு 38.8. அங்கே நிறுத்தி, துடைத்து, போர்த்தினோம். தொடர்ந்தால் வெப்பம் அளவுக்கு மீறி இறங்கிவிடும். 23 நிமிடத்தில் 2.8 பாகை. சந்தை ஐஸும் படங்கும் கொண்டு இதைச் செய்ய முடியும் என்று அதற்கு முன் என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

ஆனால் கணக்கைப் பார்த்தால் மனம் நோகும். 12.40இலிருந்து 2.18 வரை, கிட்டத்தட்ட 100 நிமிடம், அவருடைய மூளை 40 பாகைக்கு மேல் இருந்திருக்கிறது. விழுந்து அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பதே பொதுவான இலக்கு.

அந்த 100 நிமிடத்தில் மூளைக்குள்

மூளையின் ஒவ்வொரு நரம்புக் கலமும் கல்சியத்தை வெளியே நிறுத்தி வைத்தபடிதான் உயிர் வாழ்கிறது. கலத்துக்கு வெளியே இருக்கும் கல்சியம் உள்ளே இருப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு அதிகம். உள்ளே வரும் சிறு துளிகள்தான் கலத்துக்குச் சைகை: இந்தச் செய்தியை அனுப்பு, அந்த நொதியை எழுப்பு. வேலை முடிந்ததும் பம்பிகள் அதை வெளியே தள்ளும், அல்லது உள்ளறைகளில் பூட்டி வைக்கும். இதற்கெல்லாம் இடைவிடாமல் சக்தி வேண்டும்.

சூடு இந்த ஏற்பாட்டைப் பல பக்கத்தால் தாக்குகிறது. கலத்தின் சக்தித் தேவை கூடுகிறது, அதே நேரத்தில் இரத்தம் தோலுக்குப் போய், அழுத்தம் விழுந்து, மூளைக்கு வரும் ஒட்சிசனும் குளுக்கோசும் குறைகின்றன. கலத்தைச் சுற்றியிருக்கும் மென்சவ்வு இளகுகிறது. புரதங்கள் மடிப்புக் குலைகின்றன, பம்பிகளும் புரதங்கள்தான். பம்பி தளர்ந்ததும் கலத்தின் மின்னழுத்தம் சரிந்து, நரம்புக் கலங்கள் ஒன்றையொன்று தூண்டப் பயன்படுத்தும் குளுட்டமேட் என்ற பொருள் கொட்டுகிறது. அது பக்கத்துக் கலங்களின் வாயில்களைத் திறக்கிறது, கல்சியம் வெள்ளமாக உள்ளே பாய்கிறது. உள்ளறைகளில் பூட்டியிருந்ததும் கசிகிறது. அளவுமீறிய தூண்டலே நரம்புக் கலத்தைக் கொல்லும் என்பதை 1969இல் தொடங்கிய ஆய்வுகளில் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் ஓல்னி காட்டினார். அந்தச் சாவில் கல்சியத்தின் பங்கு பின்வந்த இருபது ஆண்டுகளில் தெளிவானது.

உள்ளே வந்த கல்சியம் கலத்தை அதன் கருவிகளாலேயே அழிக்கிறது. கல்பெயின் என்ற நொதி கலத்தின் சட்டகத்தை வெட்டுகிறது. பொஸ்போலிப்பேஸ் என்ற இன்னொரு நொதி மென்சவ்வை அரிக்கிறது. கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் இழைமணிகள் முடிந்த மட்டும் கல்சியத்தை விழுங்கிப் பார்த்து, கடைசியில் தாங்களே உடைகின்றன. அடி பலமாக இருந்தால் கலம் அங்கேயே வெடித்துச் சாகும். மெல்லிய அடி என்றால், தன்னைத் தானே முடித்துக்கொள்ளும் வேலையைத் தொடங்கி, மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ சாகும். நோயாளியின் உடற்சூடு இறங்கிய பிறகும் மூளைக்குள் சாவு நடப்பது இதனால்தான்.

எல்லாக் கலமும் ஒரே மாதிரிச் சாவதில்லை. சிறுமூளையின் பேர்கின்ஜே கலங்கள் முதலில் போகும். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் படையினரில் வெப்பத் தாக்கத்தால் இறந்த 125 பேரை ஆராய்ந்து 1946இல் வெளியிட்டபோதே இது தெரிந்தது: அதிக நேரம் உயிரோடு இருந்தவர்களில் இந்தக் கலங்களின் இழப்பும் அதிகமாக இருந்தது. நடையையும் பேச்சையும் கையையும் ஒழுங்குபடுத்துபவை இவை. ஏறுநார் என்ற நரம்பிழை ஒன்று சுமார் நொடிக்கு ஒரு தடவை இவற்றைத் தட்டி எழுப்பும்போதெல்லாம் பெரிய அளவில் கல்சியம் உள்ளே வருகிறது. அது வரும் ஒரு வகை வாயிலுக்கு ‘P’ என்ற பெயரே இந்தக் கலத்தின் ஆங்கில முதலெழுத்தால் வந்தது. சாதாரண நாளிலேயே இவ்வளவு கல்சியத்தைக் கையாளும் கலம், பம்பி தளரும் நாளில் முதலில் மூழ்குவது எனக்கு ஆச்சரியமாகத் தெரியவில்லை.

அதே வெயிலில் நின்ற தங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்ற மாமாவின் கேள்விக்கு இன்னொரு பாதிப் பதிலும் உண்டு. 2012இல் கிரீட் தீவில் உள்ள ஆய்வாளர்கள், ஒரு மில்லிமீற்றர் நீளப் புழு ஒன்றில் இதைப் பார்த்தார்கள். முன்கூட்டியே மிதமான சூடு பட்ட புழுக்களின் நரம்புக் கலங்கள், பிறகு வந்த கடும் சூட்டைத் தாங்கின. அந்த மிதமான சூடு ஒரு சிறு வெப்ப அதிர்ச்சிப் புரதத்தை உண்டாக்கியிருந்தது. அது கலத்துக்குள் கல்சியத்தைப் பூட்டும் பம்பி ஒன்றோடு சேர்ந்து சமநிலையைக் காத்தது. புழுவில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லக் கூடாது. ஆனாலும் வெயிலுக்குப் பழகுவது வியர்வையோடு மட்டும் முடிகிற விஷயம் அல்ல, கலத்துக்குள்ளும் ஏதோ தயாராகிறது என்று நினைக்க அது இடம் தருகிறது.

கல்சியம் 1.72

மூன்று மணியளவில் அம்புலன்சில் ஏற்றினோம். பெரியாஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள் இருந்தார். இடுப்பில் எடுத்த முதுகுத் தண்டு நீர் சுத்தம், எலிக்காய்ச்சலும் இல்லை, மூளை சீ.ரி. ஸ்கானும் முதல் நாள் சாதாரணம். தசை சிதைந்ததைக் காட்டும் சீ.கே. 38,000ஐத் தொட்டது. சிறுநீர் பிளேன்ரீ நிறம். சேலைன் நிறைய ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள், இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படவில்லை.

இரண்டாம் நாள் இரத்தக் கல்சியம் லீற்றருக்கு 1.72 மில்லிமோல். சாதாரணம் 2.2 முதல் 2.6 வரை. இளம் வைத்தியர் ஒருவர் கல்சியம் குளுக்கோனேற் ஏற்றலாமா என்று கேட்டார். எண் குறைந்தால் நிரப்புவது எங்கள் கைப்பழக்கம். மூத்த வைத்தியர் ஈ.சி.ஜி.யைப் பார்த்தார். இதயத் துடிப்பில் குழப்பம் இல்லை, தசைப்பிடிப்பு இல்லை, பொட்டாசியம் 5.1. ஏற்ற வேண்டாம் என்றார்.

அவருடைய காரணம்: கல்சியம் உடலை விட்டுப் போகவில்லை, சிதைந்த தசைக்குள் போய்க் கிடக்கிறது. இப்போது ஏற்றுவது அதே இடத்துக்குத்தான் போகும். தசை ஆறத் தொடங்கியதும் கிடந்ததெல்லாம் திரும்பி வரும், அப்போது இரத்தக் கல்சியம் தேவைக்கு மேல் ஏறும். பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கினாலோ, வலிப்போ தசைப்பிடிப்போ கல்சியக் குறைவால் வந்தாலோ கதை வேறு, அப்போது தயங்காமல் கொடுப்போம் என்றும் சொல்லி வைத்தார். ஒன்பதாம் நாள், யாரும் ஒரு துளி கொடுக்காமலே, கல்சியம் 2.68.

கல்சியத்தைத் தடுக்கும் மருந்து ஏன் கொடுக்கவில்லை என்று பின்னர் சக வைத்தியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தசையின் உள்ளறையிலிருந்து கல்சியம் கசிவதைத் தடுக்கும் டான்ட்ரோலின், மயக்க மருந்தால் வரும் கொடும் வெப்ப நிலையில் உயிர் காக்கிறது. வெப்பத் தாக்கத்தில் அதைக் கொடுத்துப் பார்த்து 1991இல் வெளியிட்ட ஆய்வில் பலன் தெரியவில்லை. கல்சிய வாயிலை அடைக்கும் மருந்துகள் ஏற்கெனவே விழுந்திருக்கும் இரத்த அழுத்தத்தை இன்னும் வீழ்த்தும். அந்த வெள்ளத்தை நிறுத்த இன்று நம் கையில் உள்ளது ஐஸும் தண்ணீரும்தான். பம்பிக்குத் தேவையான சக்தி, குளுட்டமேட், இளகிய சவ்வு, குலையும் புரதம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தணிப்பது அது ஒன்றுதான்.

தாயின் கேள்வி

நாலாம் நாள் கண் விழித்தார். தாயை அடையாளம் கண்டார். பேச்சு மட்டும் எழுத்து எழுத்தாக, இழுத்து இழுத்து வந்தது. எழுப்பி நிறுத்தினால் கால்களை அகட்டி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஆடினார். கோப்பையை எடுக்கப் போன கை அதைத் தாண்டிப் போனது.

வீடு திரும்பிய பின் தாயார் என்னிடம் வந்தார். கையில் கல்சியக் குளிசைப் போத்தல்கள் மூன்று, எல்லாம் கடன் வாங்கிய காசு. "துண்டில கல்சியம் குறைவெண்டுதானே எழுதிக்கிடக்கு டொக்டர். அதாலதானே இவன் இப்பிடித் தள்ளாடுறான்? மறுகா ஏன் அதக் குடுக்காம விட்ட நீங்க?"

நான் உன்னிச்சைக் குளத்தைச் சொன்னேன். "அம்மா, குளத்தில தண்ணி குறைஞ்சிட்டு என்று அளவுகோல் காட்டுது. மழை இல்லாததால இல்ல, கட்டு உடைஞ்சு வயலுக்குள்ள பாஞ்சதால. வயல் மூழ்கிக் கிடக்கேக்க குளத்துக்குத் தண்ணி விட்டா அது எங்க போகும்?" அவர் வயல்காரர் வீட்டுப் பெண். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அழிஞ்ச வெள்ளாம?" என்று கேட்டார். தசை திரும்ப முளைக்கும், சிறுமூளையில் போன கலம் முளைக்காது, மிச்சம் இருப்பதைப் பழக்கலாம் என்று சொன்னேன். அந்தப் பதிலை நான் அவருக்கு வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் யோசிக்கிறேன்.

ஒரு விஷயத்தை அவரிடம் பிரித்துச் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். இரத்தத்தில் குறைந்த கல்சியம் போனது தசைக்குள். மூளைக் கலங்களுக்குள் பாய்ந்த அளவு இரத்த அறிக்கையில் தெரியாத அளவுக்குச் சிறியது. இரண்டு இடத்திலும் நடந்தது ஒரே மாதிரியான உடைப்பு, அவ்வளவுதான். இரத்த அறிக்கையை வைத்து மூளையைக் கணிக்க முடியாது.

பிறகு

மூன்றாம் வார எம்.ஆர்.ஐ. ஏறக்குறையச் சாதாரணமாக இருந்தது. நான்காம் மாதத்தில் சிறுமூளை சுருங்கியிருப்பது தெளிவாகத் தெரிந்தது. இயன்மருத்துவப் பயிற்சி வாரம் மூன்று நாள். பத்தாம் மாதம் பார்த்தபோது சமதரையில் பிடி இல்லாமல் நடந்தார். வரம்பில் நடக்க முடியவில்லை. மோட்டார் சைக்கிள் இல்லை. பேச்சு புரிந்தது, ஆனால் தொலைபேசியில் அந்நியர்கள் அவரைக் குடித்தவர் என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள். அதைச் சொல்லும்போதுதான் அவர் அழுதார். களஞ்சிய வேலை போய்விட்டது. இப்போது மாமாவின் நெல் ஆலையில் கணக்குப் பார்க்கிறார். கையெழுத்துச் சரிவராததால் கணினியில் பதிகிறார்.

எதை மாற்றினோம்

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில், மயங்கி வரும் எந்த வயல், கட்டட, செங்கல் வேலையாளுக்கும் முதல் ஐந்து நிமிடத்தில் குதவழி வெப்பநிலை பார்ப்பது இப்போது கட்டாயம். 40க்கு மேல் என்றால் கடிதம், பரிசோதனை எல்லாம் தண்ணீருக்குப் பிறகுதான். அலமாரியில் ஒரு படங்கு மடித்து வைத்திருக்கிறோம். ஐஸ் கடைக்காரரின் இலக்கம் சுவரில் ஒட்டியிருக்கிறது.

வயலுக்கு நான் சொல்வது இன்னும் எளிது. வெயிலில் உழைத்தவர் குழம்பிப் பேசினால், தடுமாறினால், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்துவிட்டு, வாகனம் வரும் வரை அவரைத் தண்ணீருக்குள் வையுங்கள். வாயில் ஊற்ற வேண்டாம், தலையை மட்டும் மேலே பிடியுங்கள். வாய்க்கால் தண்ணீர் ஐஸ் போலக் குளிராது, ஆனால் 41 பாகை உடம்புக்கு அது குளிர்தான். தண்ணீர் சூட்டை அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் கடத்தும். வாய்க்கால் இல்லாத இடத்தில் படங்கு இருக்கும், உழவு இயந்திரத்தில் தண்ணீர்க் கலன் இருக்கும். புதிதாக வந்தவருக்கு, வெளியூரில் இருந்து திரும்பியவருக்கு, முதல் நாள் கால்வாசி நேர வேலை போதும், பிறகு நாளுக்கு நாள் கூட்டலாம். தடிமன் குளிசை போட்ட நாளில் மூட்டை வேண்டாம்.

சன்னிப் பயம்தான் இன்னும் வழியில் நிற்கிறது. அதைப் பேசத் தகுந்தவர் நான் அல்ல என்று தெரிந்துகொண்டேன். அடுத்த சிறுபோகத்துக்கு முன் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் நான் அரை மணி நேரம் பேசினேன், எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு அன்று வாய்க்காலைத் தடுத்த பெரியவரே எழும்பினார். "நான் மறிச்ச நான். மறிச்சிருக்கக் கூடா" என்றார். அந்த அறுவடையில் வாடிக்குப் பக்கத்தில் இரண்டு பீப்பாய் தண்ணீரும் தனியாக ஒரு படங்கும் வைத்தவர்களில் அவரும் ஒருவர்.